200 பவுண்டில் ரோமக் காசு: எதை முதலில் வாங்குவது?

ரோமக் காசு சேகரிக்க ஆசைப்பட்டு, கையில் 200 பவுண்டு வரை ஒதுக்கி வைத்துவிட்டு, எதை வாங்குவது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். லண்டனில் இருப்பவர், சிங்கப்பூரில் இருப்பவர், சென்னையில் இருப்பவர் என்று இடம் மாறினாலும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான். மலிவான கழுவாத காசுகளை மொத்தமாக வாங்கலாமா, இனங்கண்ட சில வெண்கலக் காசுகளை வாங்கலாமா, முழுப் பணத்தையும் ஒரே வெள்ளிக் காசில் போடலாமா, அல்லது காசை விட்டுவிட்டு ஒரு சுடுமண் விளக்கோ, மேலாடையைக் குத்தி நிறுத்தும் உடையூசியோ வாங்கலாமா என்பதுதான் அது.

இவ்வளவு பழைய பொருள் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதே பலருக்குச் சந்தேகத்தைத் தருகிறது. அதற்குக் காரணம் எளிது. ரோமப் பேரரசு பல நூற்றாண்டுகள் இடைவிடாமல் காசு அச்சடித்தது. கலகமும் படையெடுப்பும் மிகுந்த காலங்களில் மக்கள் அவற்றைப் பானைகளில் இட்டுப் புதைத்தார்கள். அவற்றில் ஏராளமானவை திரும்ப எடுக்கப்படவே இல்லை. 2010இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகில் கிடைத்த ஒரே பானையில் மட்டும் 52,503 காசுகள் இருந்தன. எண்ணிக்கை இப்படி இருப்பதால்தான், 1,700 ஆண்டுப் பழமை கொண்ட ஓர் உண்மையான காசை உணவகத்தில் ஒருவேளை உண்ணும் செலவுக்கு வாங்க முடிகிறது.

எதை வைத்து அளப்பது

விலை ஒன்றை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள். நான் ஆறு அளவைகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, பொருள் உண்மையானதா என்பதை வாங்குபவரே ஓரளவு சோதிக்க இயலுமா என்பது. விற்பவரின் சொல்லை மட்டுமே நம்ப வேண்டிய பொருள், தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, அது வந்த வழி. எந்த மண்ணில் கிடைத்தது, எப்போது வெளியே வந்தது, யார் யார் கை மாறியது என்பதற்கு எழுத்தில் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்குப் பிறகு பல நாடுகள் தம் மண்ணிலிருந்து தொல்பொருள் வெளியேறுவதைத் தடுக்கச் சட்டங்களை இறுக்கியுள்ளன. துருக்கியும் எகிப்தும் 1983இல் இயற்றிய சட்டங்களின்படி அங்கே மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே சொந்தம். அமெரிக்கா 2007இல் சைப்ரஸ் காசுகளுக்கும், 2011இல் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் புழங்கிய சில வகைக் காசுகளுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பண்பாட்டுப் பொருள்களைக் கொண்டுவருவதற்கான புதிய விதிகள் 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளன. சான்று இல்லாத பொருளுக்கு இனி ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் குறையுமே தவிர ஏறாது.

மூன்றாவது, முழுச் செலவு. ஏலத்தில் 100 பவுண்டுக்கு முடிந்த காசு 100 பவுண்டுக்குக் கையில் வருவதில்லை. ஏல நிறுவனங்கள் வாங்குவோரிடம் 20 முதல் 25 விழுக்காடு வரை கட்டணம் வசூலிக்கின்றன. அக்கட்டணத்தின்மேல் வரி, காப்பீட்டுடன் கூடிய அஞ்சல், சேரும் நாட்டின் சுங்கம் ஆகியவற்றைச் சேர்த்தால், அந்தக் காசு வீட்டு வாசலை அடையும்போது 140 பவுண்டை நெருங்கியிருக்கும்.

நான்காவது, பொருள் நம்மிடம் எவ்வளவு பேசுகிறது என்பது. ஐந்தாவது, வீட்டில் வைத்துக் காப்பதில் உள்ள சிரமம். ஆறாவது, என்றாவது ஒரு நாள் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியுமா என்பது. இந்த ஆறாவது அளவை இந்தியாவில் வாழ்பவர்களுக்கு மிகவும் முக்கியம். அதைப் பின்னர் தனியே விளக்குகிறேன்.

கீழே உள்ள விலைகள் லண்டன் கண்காட்சிகளிலும் வணிகர்களின் பட்டியல்களிலும் நான் பொதுவாகப் பார்ப்பவை. தரத்தைப் பொறுத்து மேலும் கீழும் போகும்.

| தெரிவு | ஒன்றின் விலை (பவுண்டு) | தாமே சோதித்தல் | வந்த வழிச் சான்று | பராமரிப்பு |
|---|---|---|---|---|
| கழுவாத காசுகள் | 1–3 | எளிது | பெரும்பாலும் இல்லை | மிகக் கடினம் |
| இனங்கண்ட 4ஆம் நூற்றாண்டு வெண்கலம் | 10–40 | எளிது | கேட்டால் கிடைக்கும் | நடுத்தரம் |
| அன்டோனினியானஸ் (வெள்ளி குறைந்துகொண்டே போன 3ஆம் நூற்றாண்டுக் காசு) | 15–70 | நடுத்தரம் | கேட்டால் கிடைக்கும் | நடுத்தரம் |
| டெனாரியஸ் (ரோம வெள்ளிக் காசு) | 60–150 | பயிற்சி வேண்டும் | பல சமயம் நன்றாக இருக்கும் | எளிது |
| விளக்கு, உடையூசி, மோதிரம் | 30–200 | மிகக் கடினம் | பொருளுக்குப் பொருள் மாறும் | பொருளுக்குப் பொருள் மாறும் |

கழுவாத காசுகள்

மண்ணும் களிம்பும் அப்பிய நிலையில் ஐம்பது, நூறு என்று எண்ணிக் கொடுக்கப்படும் காசுகள் இவை. தொடக்கநிலையில் இருப்பவரை முதலில் ஈர்ப்பது இந்தத் தெரிவுதான், என்னையும் ஈர்த்தது. நான் வாங்கிய ஐம்பது காசுகளைக் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, வாரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி, பல் துலக்கும் தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் மாதக்கணக்கில் சுரண்டினேன். முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் முகமும் இல்லை, எழுத்தும் இல்லை. வெறும் வட்டத் தகடுகள். ஏழெட்டுக் காசுகளின் பேரரசர் பெயரை ஊகிக்க முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் முழுமையாகப் படிக்கக் கூடியதாக வந்தது. அந்த ஒன்றையும் நான் அவசரப்பட்டு எலுமிச்சைச் சாற்றில் போட்டு, அதன் பழைய பச்சைப் படலத்தை அழித்துவிட்டேன். அமிலம் காசின் மேற்பரப்பையே தின்றுவிடும். ஆகவே எலுமிச்சை, புளி, வினிகர் எதையும் பழங்காசின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு இங்கே நேரமும் கருவிகளும்தான். அதோடு, நல்ல காசு ஒன்று தென்பட்டால் அதைப் பொறுக்கி எடுத்துத் தனியே விற்ற பிறகு எஞ்சியவையே குவியலாக விற்பனைக்கு வருகின்றன. "உள்ளே வெள்ளிக் காசும் இருக்கலாம்" என்று விளம்பரம் சொன்னால், அதைக் காரணமாக வைத்து வாங்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வந்த வழி. இந்தக் குவியல்களில் பெரும்பகுதிக்கு எந்த ஊர், எந்த வயல் என்ற குறிப்பே கிடையாது. உலோகம் உணரும் கருவியை வைத்துக் கொண்டு யாரோ தோண்டி எடுத்தவை. அதனால் இழப்பது என்ன என்பதை மேலே சொன்ன ஃப்ரோம் பானையை வைத்தே விளக்கலாம். அதைக் கண்டவர் தானே அள்ளி எடுக்காமல் தொல்லியலாளர்களை அழைத்தார். அவர்கள் பானையை அடுக்கு அடுக்காகப் பிரித்து எடுத்தார்கள். 286 முதல் 293 வரை பிரிட்டனை ஆண்ட கராசியஸின் காசுகள்தாம் அந்தப் பானையில் காலத்தால் பிந்தியவை. ஆனால் அவை மேலே இல்லாமல், பானையின் பாதிக்கும் கீழே திரண்டிருந்தன. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்த உண்டியலாக இருந்திருந்தால் கடைசிக் காசுகள் மேலே இருந்திருக்க வேண்டும். ஆகவே அனைத்தும் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வர முடிந்தது. அந்தக் காசுகளைக் கழுவாத குவியலாகக் கிலோ கணக்கில் விற்றிருந்தால் இந்த அறிவு உலகத்துக்குக் கிடைத்தே இருக்காது.

இந்தத் தெரிவு பொருந்தும் சூழல் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அறிவிக்கப்பட்டு, ஆய்வு முடிந்து, எந்த அருங்காட்சியகமும் வாங்க முன்வராததால் கண்டெடுத்தவரிடமே திருப்பித் தரப்பட்ட காசுகள் சந்தைக்கு வருவதுண்டு. பதிவு எண்ணோடு வரும் அத்தகைய குவியல் கிடைத்து, பொறுமையும் நேரமும் உள்ளவராகவும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

இனங்கண்ட நான்காம் நூற்றாண்டு வெண்கலக் காசுகள்

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இவற்றைத்தான். ஏன் என்பதற்கு, என் மேசையில் இருக்கும் ஒரு காசையே காட்டுகிறேன்.

விட்டம் 17 மில்லிமீட்டர். நம் ஊர் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது. எடை இரண்டரைக் கிராம். முன்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண் இடப்புறம் பார்த்திருக்கிறாள். சுற்றிலும் "ஊர்ப்ஸ் ரோமா", அதாவது "ரோம் நகரம்" என்று எழுதியிருக்கிறது. பின்பக்கத்தில் எழுத்தே இல்லை. ஒரு பெண் ஓநாய் தலையைத் திருப்பித் தன் மடியைப் பார்க்க, கீழே ரோமுலஸ், ரெமுஸ் என்னும் இரட்டைக் குழந்தைகள் பால் குடிக்கிறார்கள். ஓநாயின் முதுகுக்கு மேலே இரண்டு விண்மீன்கள். அடியில் டி, ஆர், எஸ் என்று மூன்று எழுத்துகள். டி.ஆர். என்பது ட்ரெவரி, இன்றைய ஜெர்மனியின் ட்ரியர் நகர அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் இடம். எஸ் என்பது "இரண்டாவது" என்பதன் இலத்தீன் முதலெழுத்து, அங்கிருந்த இரண்டாம் பட்டறை. பேரரசர் கான்ஸ்டன்டைன் 330 மே 11 அன்று கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகத் தொடங்கி வைத்தபோது, புதிய நகருக்கு ஒரு காசும் பழைய ரோமுக்கு ஒரு காசுமாக வெளியிட்டார். அந்தப் பழைய ரோமின் காசு இது. 22 பவுண்டுக்கு வாங்கியது. எந்த அரசு, எந்த ஊர், எந்தப் பட்டறை, ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற அனைத்தையும் விற்றவர் சொல்லாமலே இந்தக் காசு சொல்லிவிடுகிறது. இதே விலைக்கு இவ்வளவு பேசும் வேறு தொல்பொருளை நான் பார்த்ததில்லை.

இந்தக் காசுகளை இரண்டு மூன்றாகப் பக்கத்தில் வைத்தால் பேரரசின் பொருளாதாரமே புலப்படும். "குளோரியா எக்ஸர்சிட்டஸ்", அதாவது "படையின் பெருமை" என்ற எழுத்துடன் 330 முதல் வெளிவந்த காசில் இரண்டு போர்வீரர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் நிற்கின்றன. 335ஐ ஒட்டி எடையைக் குறைத்து, காசைச் சிறிதாக்கினார்கள். இரண்டு கொடிகளுக்கு இடம் இல்லாமல் போக, ஒரே கொடி நிற்கத் தொடங்கியது. இரண்டு காசுகளையும் சேர்த்து 40 பவுண்டுக்கு வாங்கிவிடலாம். 348இல் தொடங்கிய "ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ", அதாவது "நற்காலம் மீண்டது" என்ற வரிசையிலும், வீரன் ஒருவன் குதிரையிலிருந்து வீழும் எதிரியை ஈட்டியால் குத்தும் காட்சி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரிய காசிலிருந்து சுண்டு விரல் நகத்தளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இந்த நூற்றாண்டின் மீது இன்னொரு பற்றும் இருக்கிறது. கரூரிலும் மதுரையிலும் கிடைத்திருக்கும் சிறு செப்புக் காசுகளில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமக் காசுகள் உள்ளன. இலங்கையில் அவை ஆயிரக்கணக்கில் கிடைத்ததோடு, அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலச்செய்த காசுகளும் கிடைத்திருக்கின்றன.

சோதிப்பதும் எளிது. பத்து இருபது பவுண்டுக் காசைப் போலியாகச் செய்வதில் ஆதாயம் குறைவு என்பதால் போலிகள் அரிது. "ரோமன் இம்பீரியல் காயினேஜ்" என்ற பத்துத் தொகுதி அட்டவணைதான் இத்துறையின் அடிப்படை. அதன் எண்களோடு காசுகளின் படங்களையும் அமெரிக்க நாணயவியல் கழகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எழுத்தையும் அக்கசாலைக் குறியையும் வைத்துத் தேடினால் நம் காசின் எண் கிடைத்துவிடும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. காசின் பள்ளங்களில் வெளிர் மஞ்சள் மண்ணை ஒட்ட வைத்து, பாலைவனத்தில் கிடைத்தது போலக் காட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. எல்லாக் காசிலும் ஒரே நிறத்தில், ஒரே அழகாக மண் படிந்திருந்தால் ஐயப்பட வேண்டும். அடுத்தது "வெண்கல நோய்". குளோரைடு உப்பு உள்ளே தங்கிய செப்புக் காசு ஈரக்காற்றுப் பட்டால், வெளிர்பச்சைத் தூளாகப் பொரிந்து, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். கெட்டியாக, அடர்ந்த நிறத்தில், நகத்தால் சுரண்டினாலும் வராத களிம்பு காசுக்குக் கவசம். ஊசி முனை பட்டதும் மாவாக உதிரும் வெளிர்பச்சை நோய். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இது மெய்யான செலவு. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் அட்டையும் வாங்கியாக வேண்டும். சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தவும் வேண்டும். மெல்லிய பிவிசி உறைகளைத் தவிருங்கள். அவை நாளடைவில் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கும்.

அன்டோனினியானஸ்

பேரரசர் கரகல்லா 215இல் அறிமுகப்படுத்திய இந்தக் காசில் பேரரசர் கதிர் முடி சூடியிருப்பார். இரண்டு டெனாரியஸ் மதிப்பு என்று அறிவித்தார்கள். வெள்ளியோ அந்த அளவு இல்லை. 238 முதல் 244 வரை ஆண்ட மூன்றாம் கோர்டியனின் காசு இன்னும் வெள்ளியாகத் தெரியும். 268இல் பட்டமேறிய இரண்டாம் கிளாடியஸின் காசோ கிட்டத்தட்ட முழுவதும் செம்புதான். இந்த முப்பதாண்டுச் சரிவை நான்கு காசுகளில் அடுக்கிக் காட்ட விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான தெரிவு இல்லை. ரோம் நகரம் ஆயிரம் ஆண்டை நிறைவு செய்த 248இல் பேரரசர் பிலிப் வெளியிட்ட சிங்கம், மான், நீர்யானைக் காசுகள் மீது எனக்குத் தனி ஆசை உண்டு. ஆனால் அவற்றின் விலை இந்த வரம்பைத் தாண்டிவிடும்.

ஒரே ஒரு டெனாரியஸ்

பத்துச் சிறு காசுகளை விடக் கண்ணுக்கு நிறைவான ஒன்று போதும் என்று நினைப்பவருக்கு உரியது இது. பேரரசர் அன்டோனினஸ் பயஸின் மனைவி ஃபாஸ்தினா 140இல் இறந்தார். கணவர் அவரைத் தெய்வமாக அறிவித்து, "திவா ஃபாஸ்தினா" என்ற பெயருடன் ஆண்டுக்கணக்கில் வெள்ளிக் காசுகளை அடித்தார். பின்னி உச்சியில் கொண்டையாகச் சுற்றிய கூந்தலும், அதனூடே ஓடும் முத்துச் சரமும் தெளிவாகத் தெரியும் காசு ஒன்று 80 முதல் 120 பவுண்டுக்குள் கிடைக்கும். வெள்ளிக்கு ஈரக்காற்று பெரிய பகையன்று. கறுத்துப் போகும், அவ்வளவுதான். கறுப்பைத் துடைக்க வேண்டாம்.

ஆபத்து போலிகளில் உள்ளது. வார்ப்புப் போலியின் விளிம்பில் ஒட்டுக் கோடு தெரியும். பரப்பில் குமிழிப் பள்ளங்கள் இருக்கும். எழுத்தின் ஓரங்கள் சோப்புப் போல வழுக்கும். அச்சுச் செதுக்கி அடித்த போலிகள் இவற்றைவிடத் தேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் அடித்த காசுகள் அக்கால அறிஞர்களையே ஏமாற்றின. நகைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். நீரோ 64இல் எடையைக் குறைத்த பிறகு டெனாரியஸ் ஏறத்தாழ 3.4 கிராம், இரண்டாம் நூற்றாண்டில் மூன்றிலிருந்து மூன்றரைக்குள் இருக்கும். எடை மிகக் குறைந்து, தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்த்தால், அது ரோமர் காலத்திலேயே செம்பின் மேல் வெள்ளி போர்த்திச் செய்த கள்ளக் காசாக இருக்கலாம். அதையும் சேகரிப்பவர்கள் உண்டு, ஆனால் அதற்குரிய விலையில்தான் வாங்க வேண்டும்.

முதல் டெனாரியஸை வணிகரிடமே வாங்குவது நல்லது. ஏலத்தில் போட்டியிட்டுப் பழக அது ஏற்ற பொருளன்று. 1951இல் தொடங்கிய உலக நாணய வணிகர் சங்கத்திலும் பிரிட்டனின் நாணய வணிகர் சங்கத்திலும் உறுப்பினராக உள்ளவர்கள், காசு போலி என்று தெரிந்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பத்துப் பதினைந்து பவுண்டு வீண் செலவு ஆகாது. வெள்ளிக் காசுகள் பழைய ஏலப் பட்டியல்களில் படத்துடன் பதிவாகியிருப்பதால், வந்த வழிக்கான சான்றும் பல சமயம் கிடைக்கிறது.

நம்மவர்கள் பலர் டைபீரியஸ் டெனாரியஸைக் கேட்கிறார்கள். தமிழகப் புதையல்களில் அகஸ்டஸின் காசோடு மிகுதியாகக் கிடைப்பது அதுதான் என்பதால் அந்த ஆசை இயல்பானது. ஆனால் பைபிளில் வரும் வரிக்காசு அதுவே என்று கருதப்படுவதால் அதன் விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு. போலிகளும் அதில்தான் அதிகம். முதல் காசாக அது வேண்டாம்.

விளக்கு, உடையூசி, மோதிரம்

அன்றாடம் புழங்கிய பொருளைக் கையில் ஏந்தும் உணர்வைக் காசால் தர முடியாது என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன ஆறு அளவைகளில் முதல் இரண்டிலேயே இத்தெரிவு தடுமாறுகிறது. காசில் பெயரும் ஊரும் உண்டு; ஒப்பிட ஆயிரக்கணக்கான படங்கள் உண்டு. ஒரு மோதிரத்திலோ மணியிலோ அப்படி எதுவும் இல்லை. அது என்ன, எங்கிருந்து வந்தது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லே சான்று.

கண்காட்சி ஒன்றில் வட ஆப்பிரிக்க விளக்கு என்று சொல்லப்பட்டதை 70 பவுண்டுக்கு வாங்கினேன். மூக்கில் கரி படிந்திருந்தது, மேலே மண் அப்பியிருந்தது. வீட்டில் ஈரப் பஞ்சால் ஒற்றியதும் மண் மொத்தமாகப் பஞ்சோடு வந்துவிட்டது. கரி வண்ணமாகக் கரைந்தது. கீழே இருந்த சுடுமண் புதுச் செங்கல்லின் நிறத்தில் இருந்தது. ரோமர்களே விளக்குகளை அச்சில்தான் செய்தார்கள். பழைய விளக்கில் அச்செடுத்துப் புதிய விளக்கு செய்தால் வடிவத்தை வைத்து மட்டும் வேறுபாடு காண்பது கடினம். விவரம் சற்று மங்கி, அளவு சிறிது சுருங்கியிருக்கும் என்பதுதான் தடயம். அதைக் காண மூல விளக்கின் அளவு தெரிய வேண்டும். விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ரசீதில் "பழைய பாணி விளக்கு" என்று மட்டுமே எழுதியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

மண்ணின் அரசியலும் இங்கே கூடுதல். ஈராக்கிலிருந்து 1990 ஆகஸ்ட் 6க்குப் பிறகும், சிரியாவிலிருந்து 2011 மார்ச் 15க்குப் பிறகும் சட்டவிரோதமாக வெளியேறிய தொல்பொருள்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2015இல் தடை செய்தது. "கிழக்கு மத்திய தரைக்கடல் பகுதி" என்ற பொத்தாம்பொதுவான குறிப்புடன் விற்கப்படும் கண்ணாடிக் குடுவைகளையும் மோதிரங்களையும் நான் தொடுவதில்லை.

ஈயக் கவண் குண்டுகள் 30, 40 பவுண்டுக்குக் கிடைக்கும், பார்க்கவும் எளிமையாக அழகாக இருக்கும். ஆனால் ஈயம் நச்சு என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத இடம் வேண்டும். ஓக் மரப் பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி அதை வெள்ளைத் தூளாக்கிவிடும்.

இந்தத் தெரிவில் துணிந்து வாங்கக் கூடியது, பிரிட்டனின் கையடக்கத் தொல்பொருள் பதிவுத் திட்டத்தில் எண்ணும் இடமும் பதிவான உடையூசி. வெண்கலத்தால் ஆனது, மேலாடையைத் தோளில் குத்தி நிறுத்தப் பயன்பட்டது. எண்ணை இட்டால் எந்த வட்டாரத்தில் கிடைத்தது என்பது திரையில் வரும். பிரிட்டன் மண்ணில் கிடைத்த தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்பதால், இது அங்கேயே வசிப்பவர்களுக்குத்தான் வசதி.

"கரூரில் கிடைத்தது" என்று நீட்டினால்

அமராவதி ஆற்று மணலில் சலித்தெடுத்தது என்று சொல்லிச் சிறு செப்புக் காசுகளைக் காட்டுபவர்களைப் பற்றித் தமிழகத்திலிருந்து கேட்கிறார்கள். மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள்; அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும்; தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இந்தக் கடைசி விதியைத்தான் ஆறாவது அளவை என்று முன்னர் சொன்னேன்: லண்டனிலிருந்து முறையாக வரவழைத்த காசாக இருந்தாலும், இந்தியாவுக்குள் வந்துவிட்டால் மறுபடி லண்டன் ஏலத்துக்கு அனுப்பி விற்கலாம் என்று கணக்குப் போட முடியாது. ஆகவே இந்தியாவில் உள்ளவர்கள் திரும்பக் கிடைக்க வேண்டாத பணத்தை மட்டுமே இதில் போட வேண்டும்.

சட்டத்துக்கு அப்பால், கரூர் காசை வாங்க வேண்டாம் என்பதற்கு எனக்கு வலுவான காரணம் உண்டு. ட்ரியரில் அடித்த காசு ஐரோப்பாவில் கிடைத்தால் அது ஆயிரத்தில் ஒன்று. அதே காசு கொங்கு நாட்டில், இன்ன ஆழத்தில், இன்ன பானை ஓட்டோடு கிடைத்தது என்றால் அது நம் வணிக வரலாற்றின் ஒரு வரி. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகம் உளியால் வெட்டப்பட்டிருந்தது என்பது, அவை ஒரே குவியலாகப் பதிவானதால்தான் நமக்குத் தெரிகிறது. தமிழக மண்ணின் ரோமக் காசைப் பார்க்க விரும்புபவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

யாருக்கு எது

படித்து அறிவதில் இன்பம் காண்பவர் நான்காம் நூற்றாண்டு வெண்கலத்தில் தொடங்கட்டும். பிள்ளைகளோடு சேர்ந்து சேகரிக்க நினைப்பவருக்கும் அதுவே பொருந்தும். ஓநாய்க் காசைக் கையில் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்கும். திருமணப் பரிசாகவோ ஓய்வுபெறும் ஆசிரியருக்கு அளிக்கவோ ஒரே பொருள் வேண்டுபவருக்கு ஃபாஸ்தினா டெனாரியஸ். பிரிட்டனில் வசித்து, காசுகளில் ஓரிரு ஆண்டு பழகியவருக்குப் பதிவுள்ள உடையூசி.

200 பவுண்டை என்னிடம் கொடுத்தால் 25 பவுண்டுக்குப் பத்து மடங்கு பெருக்கும் லூப்பும் நகைத் தராசும் வாங்குவேன். ஓநாய்க் காசு, இரண்டு கொடிக் காசு, ஒரு கொடிக் காசு, வீழும் குதிரைவீரன் காசு ஆகிய நான்குக்கும் 85 பவுண்டு. மீதி 90 பவுண்டை ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து, அந்த நான்கையும் எழுத்துக்கு எழுத்துப் படித்து முடித்த பிறகு, கண்காட்சியில் பத்து டெனாரியஸாவது கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்குவேன்.

எதை வாங்கினாலும் ரசீதில் காசின் முழுப் பெயர், அட்டவணை எண், எடை, முன்பு யாருடைய தொகுப்பில் இருந்தது என்ற நான்கும் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அமிலமில்லாத தாளில் ஒரு சிறு சீட்டு வெட்டி, அந்த விவரங்களோடு வாங்கிய நாளையும் விலையையும் பென்சிலால் குறித்துக் காசோடு வையுங்கள். என் ஓநாய்க் காசின் உறையில் எனக்கு முன் அதை வைத்திருந்த இருவரின் சீட்டுகள் இருக்கின்றன. பழையதில் விலை ஷில்லிங்கில் எழுதியிருக்கிறது. மூன்றாவது சீட்டு என்னுடையது.